ரெடிமேட் உடோன் வாணலியில் உடைந்து கூழாகிறது: பாக்கெட் கோளாறா, பக்குவக் கோளாறா?

சும்மா_பசிக்குது

வணக்கம் மக்களே. எங்கள் வீட்டில் இப்போது உடோன் பைத்தியம் பிடித்திருக்கிறது. காய்ந்த குச்சியாக வருவதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே வேகவைத்து, ஆளுக்கு ஒரு பை என்று சுமார் 200 கிராம் அடைத்து வருகிறதே, அந்தத் தடியான வெள்ளை ஜப்பானிய நூடுல்ஸ். பிரித்தால் பையின் வடிவத்திலேயே ஒரே கட்டியாக நிற்கிறது. கையால் பிரித்தால் விரல் நீளத்துக்கு ஒடிகிறது, அப்படியே வாணலியில் போட்டுக் கிளறினால் இன்னும் மோசம், வெளியே கூழ், உள்ளே விறைப்பு. போதாக்குறைக்குப் பிரித்தவுடன் லேசாக ஒரு புளித்த வாடை. தேதியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இது கெட்டுப்போனதா? மறுபடி வேகவைக்க வேண்டுமா, வேண்டாமா? பையின் பின்பக்கம் ஒரு பாத்திரமும் கடிகாரமும் படம் போட்டு 1 நிமிடம் என்று இருக்கிறது, மற்றதெல்லாம் ஜப்பானிய எழுத்து.

பாதிராத்திரி

மைக்ரோவேவ். கிண்ணத்தில் போட்டு ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். சூடானால் தானாகப் பிரியும். ரொம்ப யோசிக்காதீர்கள்.

கொதிநிலை_100

எந்தப் பை என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரெடிமேட் உடோன் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு சரக்கு விற்கிறது, மூன்றுக்கும் பக்குவம் வேறு. அலமாரியில் வெளியிலேயே வைத்து விற்பது ஒன்று, ஃப்ரிட்ஜில் வைத்து விற்பது ஒன்று, ஃப்ரீசரில் கல்லாகக் கிடப்பது ஒன்று. புளித்த வாடை என்று சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

அது கெட்டுப்போன வாடை இல்லை. வெளியில் மாதக்கணக்கில் தாங்க வேண்டும் என்பதற்காக, வெந்த நூடுல்ஸை லாக்டிக் அமிலம் போன்ற ஒன்றில் நனைத்து எடுத்து, பையில் போட்டு மூடி, பையோடு சேர்த்துச் சூடாக்கிவிடுகிறார்கள். அமிலமும் சூடும் சேர்ந்துதான் அதைக் காக்கிறது. சேர்மானப் பட்டியலில் ‘அமிலத்தன்மை சீராக்கி’ என்று இருந்தால் அதுதான் விஷயம். பை ஊதியிருந்தாலோ நூடுல்ஸ் கொழகொழவென்று நூல் விட்டாலோ அது வேறு கதை, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இனி, ஏன் ஒடிகிறது. வெந்த மாவுச்சத்து ஆறிக் கிடந்தால் மெதுவாக மறுபடி இறுகும். அது மிக வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜ் குளிரில்தான், 0 முதல் 5 டிகிரிக்குள். இறுகிய நூடுல்ஸுக்கு வளையத் தெரியாது, ஒடியத்தான் தெரியும். அதையே சூடாக்கினால் இளகிவிடும். ஆகவே விதி ஒன்றுதான்: சூடு முதலில், பிரிப்பது அப்புறம். நிறையத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கட்டியை முழுசாக உள்ளே இறக்கி, முதல் அரை நிமிடம் கரண்டியே போடாதீர்கள். ஓரத்து இழைகள் தாமாக விலகித் தண்ணீரில் ஆடத் தொடங்கும். அப்போது ஒரு சாப்ஸ்டிக்கை நடுவில் விட்டு லேசாக அசைத்தால் முழுக் கட்டியும் அவிழ்ந்துவிடும். ஒரு நிமிடத்தில் வடிகட்டி எடுத்து, சுடுதண்ணீரால் ஒரு அலசு. புளிப்பும், ஒட்டாமல் இருக்கப் பூசிய எண்ணெயும் அதோடு போய்விடும். இது சமைப்பதே இல்லை, நூடுல்ஸ் எப்போதோ வெந்துவிட்டது. நாம் செய்வது சூடாக்கி அலசுவது மட்டும்.

பூதக்கண்ணாடி

ஒரு சின்னத் திருத்தம். பாதிராத்திரி சொன்ன மைக்ரோவேவ் வழியில் இழை பிரியும், சரி, ஆனால் அமிலம் எங்கே போகும்? அது கிண்ணத்துக்குள்ளேயேதான் இருக்கும். அந்த வாடை பிடிக்காதவர்கள் வெந்நீர் வழிக்குத்தான் வர வேண்டும்.

பாதிராத்திரி

காரசாரமாகக் கறிக் குழம்பில் போட்டுத் தின்னும்போது அந்த வாடை யாருக்குத் தெரிகிறது பாஸ்? பாத்திரம் ஒன்று கழுவுவது மிச்சம்.

இரும்புவாணலி

கேள்வியில் வாணலி என்று இருக்கிறது, எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். வறுத்த உடோன், அதாவது யாக்கி உடோன், என்னுடைய பேட்டை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது பழைய அரண்மனைச் சமையல் ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 வாக்கில், கியூஷூ தீவில் கொக்குரா என்ற ஊரில் (இன்று கித்தாகியூஷூ நகரத்தின் ஒரு பகுதி) யாக்கிசோபா என்ற வறுத்த நூடுல்ஸ் பண்டத்துக்கான நூடுல்ஸ் கிடைக்காமல், காய்ந்த உடோனை வேகவைத்து அதற்குப் பதிலாக வறுத்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிற பிறப்புக் கதை. தட்டுப்பாட்டில் பிறந்த பண்டம், அதனால் இதில் கண்டிப்பான சேர்மானம் எதுவும் கிடையாது. முட்டைக்கோஸ், வெங்காயம், கேரட், காளான், பன்றி இறைச்சியோ கோழியோ இறாலோ எதுவும் போடலாம்.

கண்டிப்பு எதில் என்றால் ஈரத்தில். நூடுல்ஸைக் கொதிநிலை சொன்ன மாதிரி வெந்நீரில் அவிழ்த்துவிட்டு, வடிகட்டியில் ஐந்தாறு தடவை நன்றாக உதற வேண்டும். சொட்டச் சொட்டப் போட்டால் வாணலி சூடு இறங்கி, வறுபடுவதற்குப் பதில் மறுபடி வேகும், அதுதான் உங்கள் கூழ். உதறிய நூடுல்ஸில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் புரட்டி வையுங்கள். வாணலியைப் புகை கிளம்பும் அளவுக்குக் காயவைத்து (பூச்சு போட்ட ஒட்டாத வாணலி என்றால் அவ்வளவு வேண்டாம்), இறைச்சியையும் காயையும் பெருந்தீயில் முக்கால் பதத்துக்கு வறுத்துத் தட்டில் எடுத்துவிடுங்கள். காலியான வாணலியில் நூடுல்ஸைப் பரப்பி, ஒரு நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். அடிப்பக்கம் அங்கங்கே பொன்னிறப் புள்ளி விழும். பிறகு ஒரே ஒரு தடவை திருப்பி, காயைக் கொட்டி, சோயா சாஸை நூடுல்ஸ் தலையில் ஊற்றாமல் வாணலி ஓரத்தில் ஊற்றுங்கள். சுர்ரென்று பொங்கி ஓரத்தில் கருகுகிற அந்த வாசம்தான் யாக்கி உடோன். ஆளுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), மிளகு. அடுப்பை அணைத்து, மேலே கட்சுவோபுஷி, அதாவது காய வைத்த சூரை மீன் சீவல். சூட்டில் அது நெளிவதைப் பார்த்துப் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பார்கள்.

ஒரு வாணலியில் இரண்டு பைக்கு மேல் போடாதீர்கள். நாலு பேருக்கு என்றால் இரண்டு ஈடாகச் செய்யுங்கள்.

சும்மா_பசிக்குது

இரும்புவாணலி அண்ணா, நன்றி, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம், அந்த மீன் சீவல் இல்லாமல் செய்தால் ருசி குறையுமா? அப்புறம் ஃப்ரீசரில் வருகிற உடோன்தான் உசத்தி, வெளியில் வைத்து விற்பதை வாங்கவே கூடாது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். நிஜமா?

கொதிநிலை_100

கடித்தால் பல்லை லேசாகத் திருப்பித் தள்ளுகிற அந்த இழுப்பு வேண்டும் என்றால், ஆமாம், ஃப்ரீசர் உடோன்தான். இந்த இழுப்பை ஜப்பானியர்கள் கோஷி என்பார்கள், ஷிகோகு தீவின் ககாவா மாநிலத்து சானுக்கி உடோனுக்குப் பேரே அதனால்தான். அது எங்கிருந்து வருகிறது என்றால், அப்போதே வெந்து இறங்கிய உடோனில் மேல்பக்கம் சுமார் 80 சதவீதம் ஈரம், நடுத்தண்டில் 50 சதவீதம் போல. வெளியே வழவழப்பு, உள்ளே பிடிப்பு. நேரம் ஆக ஆக ஈரம் உள்ளே பரவிச் சமமாகிவிடும், இழுப்பு போய்விடும். வெந்து அலசிய கையோடு சட்டென்று உறையவைத்தால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே நின்றுபோகும். பல கம்பெனிகள் மரவள்ளி மாவும் கலக்கின்றன, சூடாக்கினதும் பளபளவென்று ரப்பர் பதம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரே ஒரு விஷயம்: ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியில் வைத்து இளகவிடாதீர்கள். மெதுவாக இளகும்போது மேலே சொன்ன 0 முதல் 5 டிகிரியிலேயே நெடுநேரம் கிடக்கும், இறுகும், ஒடியும். கல்லாக இருக்கும்போதே கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள், தண்ணீர் மறுபடி கொதி வந்து இழைகள் அவிழ்ந்ததும் எடுத்துவிடலாம். மைக்ரோவேவ் என்றால் 500 வாட்டில் மூன்றரை நிமிடம் போல ஆகும், பை அதற்கேற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழைவுக்கட்சி

இந்தக் கோஷி புராணத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஜப்பானில் எல்லோரும் பல்லுக்கு வேலை வைக்கும் உடோனைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று யார் சொன்னது? மியே மாநிலத்தில் இசே கோயில் ஊருக்குப் போனால், விரல் தடிமனுக்கு ஒரு உடோனை ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவைத்து, நாக்கால் அழுத்தினாலே மசிகிற பதத்தில், அடியில் கொஞ்சம் கறுப்புச் சாறும் மேலே வெங்காயத்தாளும் போட்டுக் கொடுக்கிறார்கள். நடந்து களைத்து வந்த யாத்ரீகர்கள் சாப்பிட்டு வளர்ந்த உடோன் அது. கியூஷூவின் ஹக்காத்தாவிலும் மெத்தென்ற உடோன்தான் வழக்கம். அங்கே போய் இழுப்பு இல்லை என்று குறை சொன்னால் சிரிப்பார்கள்.

எனவே அலமாரி உடோனை யாரும் கீழே தள்ள வேண்டாம். குழைய வேண்டிய இடத்தில் அதுதான் சரியான சரக்கு. மண்சட்டியில் குழம்போடு கொதிக்கவிடுகிற நாபேயாக்கி உடோனுக்கும், ஜப்பானிய மசாலாக் குழம்பு ஊற்றிய கறி உடோனுக்கும், உடம்பு சரியில்லாதவர்களுக்கும் நான் அதைத்தான் எடுப்பேன். ஃப்ரீசர் உடோனைக் கறியில் போட்டால் மேலே ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, இது என் கருத்து, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இரும்புவாணலி

சண்டைக்கு வந்துவிட்டேன். கறி வழுக்கினால் அது கறியின் தப்பு, உடோன் மேல் ஏன் பழி? ஜப்பானியக் கறிக் கட்டியை (குழம்புக்கான மசாலாவை இறுக்கிய கட்டி) அப்படியே தண்ணீரில் கரைக்காமல் டாஷியில், அதாவது கடற்பாசி, மீன் போன்றவை ஊறிய சாற்றில் கரைத்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் உருளைக்கிழங்கு மாவையோ சோள மாவையோ பச்சைத் தண்ணீரில் கலக்கி ஊற்றிக் கொதிக்கவிட்டால், எந்த உடோனிலும் ஒட்டும். ஆளுக்கு 300 மில்லி டாஷி, 20 கிராம் கறிக் கட்டி, ஒரு ஸ்பூன் சோயா சாஸ் போதும். முந்தைய நாள் மிச்சக் கறி இருந்தால் அதை டாஷி விட்டு இளக்கினாலும் அதே பலன். இழுக்கும்போது சட்டையில் தெறிக்கும், வெள்ளைச் சட்டையோடு உட்காராதீர்கள்.

மீன்வேண்டாம்

மீன் சீவல் பற்றிக் கேட்டவருக்கு: யாக்கி உடோனில் அது இல்லாவிட்டால் ஒன்றும் முழுகிவிடாது, வறுத்த எள்ளும் நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளும் தூவுங்கள். சூப் உடோனில்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே சாறுதான் பாதி சாப்பாடு, வழக்கமான டாஷியில் மீன் இருக்கும். வாங்குகிற சாறு பாட்டில்களிலும், பையோடு வரும் சின்னப் பொட்டலத்திலும்கூடப் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் சேர்மானத்தைப் படிக்காமல் ஊற்றக் கூடாது.

என் வழி கொம்பு கடற்பாசியும் காய்ந்த ஷீடாக்கே காளானும். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கொம்பு 10 கிராம், காளான் நாலைந்து, ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் சின்னத் தீயில் ஏற்றி, கொதி வருவதற்குச் சற்று முன் கொம்பை எடுத்துவிடுங்கள், கொதித்தால் வழவழப்பும் ஒரு கசப்பும் இறங்கும். காளான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். கொம்பில் இருப்பது குளூட்டமேட் என்ற ருசிப் பொருள். டோக்கியோவில் கிகுனாயே இக்கெதா 1908-இல் பிரித்தெடுத்துக் காட்டினாரே, அது. மீன் சீவலில் இனோசினேட், காய்ந்த காளானில் குவானிலேட். குளூட்டமேட்டோடு இந்த இரண்டில் எது சேர்ந்தாலும் ருசி கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறும். அதனால் கொம்போடு காளான் சேர்ந்த டாஷி மீன் டாஷிக்கு ஏழைச் சொந்தக்காரன் இல்லை.

கொதிநிலை_100

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு: அதே 10 கிராம் கொம்பு, எடுத்த பிறகு 20 கிராம் கட்சுவோபுஷி, ஒரு கொதியில் அணைத்து, சீவல் அடியில் தங்கியதும் பிழியாமல் வடிகட்ட வேண்டும். ககாவாவில் காய்ந்த நெத்திலி அதிகம், தலையும் வயிற்றுக் கறுப்பும் கிள்ளிவிட்டு ஊறவைத்தால் கசக்காது.

இதிலிருந்து ஒரு கிண்ணம் சூப் உடோனுக்கு 300 மில்லி டாஷி, 20 மில்லி சோயா சாஸ், 20 மில்லி மிரின், ஒரு கொதி. மிரினில் ஏறக்குறைய 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு, வேண்டாதவர்கள் அதற்குப் பதில் சர்க்கரை ஒன்றிரண்டு டீஸ்பூன் போடலாம். ஒசாகா பக்கம் வெளிர் நிற சோயா சாஸ், டோக்கியோ பக்கம் அடர் நிறம். வெளிர் என்றால் உப்பு குறைவு என்று நினைத்து அதிகம் ஊற்றிவிடாதீர்கள், வெளிர்தான் உப்பு அதிகம், 18-19 சதவீதம், அடர் 16-17. இந்தக் கிழக்கு மேற்குப் பிரிவு எவ்வளவு ஆழம் என்றால், நிஸ்ஸின் கம்பெனியின் டோன்பெய் கப் உடோன் கிழக்குக்கு ஒரு சாறு, மேற்குக்கு ஒரு சாறு என்று தனித்தனியாக விற்கிறது.

பூதக்கண்ணாடி

அந்த அளவில் சாறு முழுவதையும் குடித்தால் உப்பு மட்டும் 3 கிராமுக்கு மேல் போகும். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குக் கீழே. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டுச் சாற்றைக் கிண்ணத்தில் விட்டுவிடலாம், ஜப்பானிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வெந்த உடோனில் உப்பு அவ்வளவு இல்லை, மாவில் போட்ட உப்பில் பெரும்பகுதி வேகும்போதே தண்ணீரில் போய்விடும்.

கோதுமை ஒவ்வாதவர்களுக்கு இந்த உரையாடலில் ஒன்றும் இல்லை, உடோனே கோதுமை மாவில் செய்வது, சாதாரண சோயா சாஸிலும் கோதுமை இருக்கிறது.

பாதிராத்திரி

சாறு, கொம்பு, ஊறவைப்பது, எல்லாம் சரி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பசித்தால்? ஃப்ரீசர் உடோன் ஒன்று மைக்ரோவேவில். ஆவி பறக்கக் கிண்ணத்தில் கொட்டி, ஒரு முட்டை உடைத்து ஊற்றி, சோயா சாஸ் ஒரு சுற்று, வெங்காயத்தாள், வேகமாகக் கலக்கினால் முட்டை இழையெல்லாம் மஞ்சளாகப் பூசிக்கொண்டு பாதி இறுகி நிற்கும். ககாவாவில் காமாதாமா என்று இதைத்தான் பானையிலிருந்து நேரே எடுத்த உடோனில் செய்கிறார்கள். ஒரு துண்டு வெண்ணெயும் நுணுக்கின மிளகும் போட்டால் தூக்கம் போய்விடும்.

பூதக்கண்ணாடி

அந்தச் சூட்டில் முட்டை முழுதாக வேகாது. ஜப்பானில் முட்டையைப் பச்சையாகச் சாப்பிடுவார்கள் என்று கணக்கு வைத்தே தேதி போடுகிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பாஸ்ச்சுரைஸ் செய்த முட்டை கிடைத்தால் அது, இல்லையென்றால் வாணலியில் சின்னத் தீயில் முட்டை இறுகும் வரை புரட்டுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு இதில் சமரசம் வேண்டாம்.

சும்மா_பசிக்குது

கடைசியாக ஒன்று. வெயில் காலத்தில் குளிர்ந்த உடோன் சாப்பிடுவார்களாமே, அதற்கு ஃப்ரிட்ஜ் பையை அப்படியே பிரித்துச் சாப்பிடலாமா?

கொதிநிலை_100

கூடாது. குளிர்ந்து சாப்பிடுவதானாலும் ஒரு தடவை சூடாக்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் விறைத்து மாவு மாவாக இருக்கும். வெந்நீரில் அவிழ்த்து, குழாய்த் தண்ணீரில் கையால் பிசைந்த மாதிரி அலசி, கடைசியில் ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு. ஃப்ரீசர் உடோன் இதற்கு அருமை. தொட்டுக்கொள்கிற சாறு சூப்பைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும், பாட்டில் சாறு என்றால் அதன் மேல் தொட்டுக்கொள்ள ஒரு அளவு, ஊற்றிக் குடிக்க ஒரு அளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

குழைவுக்கட்சி

ஐஸில் ரொம்ப நேரம் விடாதீர்கள், ருசியே தெரியாமல் மரத்துப்போகும்.

சும்மா_பசிக்குது

கூட வைப்பது வசாபியா, இஞ்சியா?

கொதிநிலை_100

உடோனுக்குத் துருவிய இஞ்சி. வசாபி, சோபா என்ற பக்வீட் நூடுல்ஸுக்குத்தான் வழக்கம்.

பாதிராத்திரி

இரண்டும் இல்லாவிட்டால் வெங்காயத்தாள் மட்டும் போதும்.